பழைய ஆவணத்தில் ‘லார்டு கிளைவ்’ என்றால் எந்தக் கிளைவ்?

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டைப் பற்றிக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கடிதங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கும் ‘லார்டு கிளைவ்’ என்ற பெயர். பிளாசிப் போரின் ராபர்ட் கிளைவ் என்றே குறித்துக்கொண்டே போனேன். அவர் 1774இலேயே இறந்துவிட்டார்! கடிதங்களில் இருந்தவர் அவர் மகன் எட்வர்ட். இரண்டு நாள் குறிப்புகளை முழுவதும் திருத்த வேண்டியதாயிற்று.

படி 1: கடிதத்தின் தேதி

நான் சறுக்கியது இங்கேதான். இணையத்தில் பழைய நூல்களைத் தேடும்போது தெரியும் ஆண்டு, புத்தகம் அச்சான ஆண்டு. ஆங்கிலப் படை அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி 1799இல் எழுதிய கடிதங்கள் 1830களில்தான் தொகுதிகளாக வந்தன. ஆகவே பக்கத்தைத் திறந்து, கடிதத்தின் தலைப்பிலோ அடியிலோ உள்ள தேதியைப் பாருங்கள். கடிதத்துக்குள் ‘15ஆம் தேதி இன்ஸ்டன்ட்’ என்று இருந்தால் அதே மாதம்; ‘அல்டிமோ’ என்றால் போன மாதம். மாதம் தெரியாவிட்டால் முந்தைய கடிதங்களைப் புரட்டுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

படி 2: பட்டமும் பதவியும்

ராபர்ட் 1762இல்தான் ‘லார்டு’ ஆனார். அதற்கு முன் ‘கர்னல் கிளைவ்’. எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1804இல் அவருக்குப் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. அப்புறம் ‘கிளைவ்’ என்று தேடினால் அவர் அகப்பட மாட்டார்.

‘வெல்லெஸ்லி’ என்ற பெயர் இன்னும் சிக்கல், ஏனென்றால் மூன்று சகோதரர்கள் ஒரே காலத்தில் இந்தியாவில் இருந்தார்கள். ‘கர்னல்’, ‘மேஜர் ஜெனரல்’ என்றால் ஆர்தர். ‘மார்க்விஸ்’ என்ற பிரபு பட்டம் இருந்தால் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட். 1799 கடைசி வரை அவரைப் பழைய பட்டப்படி ‘மார்னிங்டன்’ என்றே எழுதினார்கள். ‘மிஸ்டர்’ என்றால் பெரும்பாலும் ஹென்றி.

படி 3: இடம்

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எழுதியதா, கல்கத்தாவிலா, பாசறையிலா? தேதியோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் மிஞ்சுவார். அப்படியும் இரண்டு பேர் மிஞ்சினால் இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

கருவி என்றால் எனக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம்தான். முழுப் பக்கமும் படமாகத் தெரியும். துண்டு துண்டாகக் காட்டும் தளங்களை நம்பிப் பெயரை முடிவு செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: 1700களில் அச்சான நூல்களில் வெல்லெஸ்லி கிடைக்கவே இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அன்றைய அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ கிட்டத்தட்ட ‘எஃப்’ மாதிரி நீண்டிருக்கும். பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளும் அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ‘எஸ்’ இடத்தில் ‘எஃப்’ போட்டு இன்னொரு தடவை தேடுங்கள்.