புரோட்டான் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்

போன மாதம் நாகலூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். "அண்ணா, புரோட்டானே குடுத்துடலாம்னு இருக்கோம். காப்பித் தோட்டத்தை வாங்க ஆள் வந்தாச்சு, அட்வான்ஸ் வாங்குறதுதான் பாக்கி" என்றார். புரோட்டான் என்பது விலை கூடிய ஒரு கதிர்வீச்சு சிகிச்சை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 2020-ல் நானும் இப்படித்தான் பதறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ சேலத்துக் குடும்பங்களோடு துணைக்குப் போய்விட்டேன்; பதற்றம் மட்டும் மாறவில்லை. அந்தப் பதற்றத்தில் நாம் செய்யும் தவறுகள் இவை.

எந்தக் கட்டி என்று பார்க்காமல் நிலத்தை விற்பது

என் அப்பாவுக்கும் புராஸ்டேட்தான். கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை. "இருக்கிறதிலேயே புதுசு" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னதை நம்பி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களோடு ஒன்றரை ஏக்கரை வந்த விலைக்குக் கொடுத்தோம். பணம் கட்டிய பிறகுதான் இன்னொரு கதிர்வீச்சு மருத்துவரைப் பார்த்தேன். "இவருக்கு ஐஎம்ஆர்டியே போதுமே" என்றார். கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சும் சிகிச்சை அது. அப்பா நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பக்கம் பஸ் போனால் இன்னமும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

எக்ஸ்ரே கதிர் கட்டியைத் துளைத்து மறுபக்கமும் வெளியேறும். புரோட்டான், குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிகள், மண்டையோட்டு அடியில் வரும் கோர்டோமா என்ற எலும்புக் கட்டி, முன்பே கதிர் பட்ட இடம் ஆகியவற்றுக்கு இது பெரிய பாதுகாப்பு. குழந்தைக்கு என்று வந்தால் நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன்.

ஆரம்பநிலை புராஸ்டேட் கதை வேறு. அமெரிக்காவில் 450 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய பார்ட்டிகோல் ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு குடல் தொந்தரவில் புரோட்டானுக்கும் ஐஎம்ஆர்டிக்கும் வித்தியாசம் இல்லை. நம் ஊரில் ஐஎம்ஆர்டிக்குச் சில லட்சம், புரோட்டானுக்கு 20 லட்சத்துக்கு மேல்.

அதனால் அட்வான்ஸ் வாங்கும் முன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "இரண்டு முறையிலும் பிளான் போட்டு, பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு கதிர் போகுதுன்னு காட்டுங்க." பதில் தெளிவாக இல்லையென்றால், புரோட்டான் மெஷின் இல்லாத இடத்தில் ஒரு டாக்டரிடமும் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். நாகலூர்த் தம்பியை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.

காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிடுவது

முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான். தனியார் பாலிசி என்றால் முன்அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது.

நவி மும்பையை விசாரிக்காதது

டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்கு நவி மும்பை கார்கரில் உள்ள வளாகத்தில் 2023 முதல் புரோட்டான் கொடுக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

தங்கும் செலவை மறப்பது

வாரம் 5 நாள், பெரும்பாலும் 5 முதல் 7 வாரம். சேலத்திலிருந்து சென்னையில் உள்ள புரோட்டான் மையத்துக்குத் தினமும் போய்வர முடியாது. வாடகை அறை, சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் சம்பளம் எல்லாம் மருத்துவமனை சொல்லும் தொகைக்கு வெளியே. ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு 75 சதவீதம் சலுகை. ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே சலுகைப் படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.