மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுப்பது எப்படி?

எங்கள் சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. "இனிமே எனக்கு எதுக்குடே அட்டையும் கிட்டையும்?" என்று வருடக்கணக்கில் தட்டிக் கழித்தவரை, சேரன்மகாதேவியிலிருந்து ஒருவழியாகக் கிளப்பினேன். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டது இது.

முதலில் ஆதாரை எடுத்துப் பாருங்கள். சித்தப்பாவின் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பழைய குறைபாட்டுச் சான்றிதழில் முன்னால். இது போதாதா? விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்திவிட்டே அடுத்த வேலை.

அப்புறம், ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். போட்டோ, கையெழுத்து (முடியாதவர்களுக்குக் கைரேகை), ஆதார், முகவரிச் சான்று போதும். பழைய சான்றிதழ் இருந்தால் அதையும் ஏற்றுங்கள். கடைசியில் வரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

எந்த வகைக் குறைபாடு என்று கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. தலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன், கற்றல் குறைபாடு எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. நம் பக்கத்தில் பலர் கால், கண், காது மட்டும்தான் கணக்கு என்று நினைத்து விண்ணப்பிப்பதே இல்லை.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. எங்களுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பழைய சீட்டு, எக்ஸ்ரே எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குறைபாடு எவ்வளவு என்று டாக்டர் போடும் சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது: 40க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம் எல்லாம் அந்த 40ஐத் தொட்டவர்களுக்கே. சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழ் தற்காலிகமா நிரந்தரமா என்பதையும் பாருங்கள். தற்காலிகம் என்றால் காலாவதித் தேதி இருக்கும்.

குழந்தைகளுக்கும் இதே வழிதான். ஆனால் அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. சத்தத்துக்குத் திரும்பாத, தலை நிற்காத, பேச்சு வராத பிள்ளையை முதலில் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். 18 வயது வரை பிள்ளைகளை இலவசமாகப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. தேவைப்பட்டால் ஆரம்பநிலையிலேயே பயிற்சி தரும் மையத்துக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள். "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று ஆச்சி சொல்வாள். சொல்லட்டும், நீங்கள் கிளம்புங்கள்.