எம்டன் மாதிரிக் கப்பலுக்கு ரெயிலிங்கும் கயிறும்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை 1/350 அளவில் செய்தால் நீளம் சுமார் 34 செ.மீ. வரும். உடலும் மூன்று புகைபோக்கிகளும் மாதிரிக் கப்பல் பெட்டியில் வருவதே போதும். தோற்றத்தைக் கெடுப்பவை ரெயிலிங்கும் கயிறும்தான். ஒரு மீட்டர் உயர ரெயிலிங் இந்த அளவில் 3 மி.மீ.கூட இராது, 2 செ.மீ. தடிமக் கயிறு 0.06 மி.மீ. ஆகிவிடும். தையல் நூலைக் கட்டினால் தேர்வடம் மாதிரி தெரியும்.

ரெயிலிங்குக்கு அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு வாங்குங்கள். அசிட்டோனில் கழுவி, ரெயிலிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் சட்டத்தில் இருக்கும்போதே பிரைமரும் சாம்பல் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள். வெட்டும்போது அடியில் கண்ணாடியோ டைல்ஸோ இருக்கட்டும். ரப்பர் மேட் அமுங்கும், கம்பி வளைந்துவிடும். தளத்தின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி நீளத்தைக் குறித்து, அந்த டேப்பை அளவாக வைத்து, ஒரு நிமிர்ந்த காலை ஒட்டியே வெட்டுங்கள். முன்முனை வளைவை ஒட்டுவதற்கு முன்பே பேனா மேல் உருட்டி வளைக்க வேண்டும். ஒட்டியபின் வளைத்தால் கம்பி விறைத்து, பசை விட்டுவிடும்.

நேர்ப்பகுதிக்கு ஃபெவிகால் நல்லது: நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும், காய்ந்தால் தெரியாது. வளைவுகளில் மட்டும் ஊசிமுனையால் ஃபெவிக்விக் பொட்டு வையுங்கள். அதிகமானால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். ஈரப்பதம் மிகுந்த நாளில் இன்னும் மோசம். உள்பக்கத் தளங்களை முதலில் முடியுங்கள், பிறகு கை நுழையாது.

கயிறு கட்டும் முன் பிளாஸ்டிக் மாஸ்ட்டை (கொடிமரத்தை) எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி வையுங்கள். இல்லாவிட்டால் இழுவைக்கு மாஸ்ட் சாயும்.

கயிற்றுக்கான இழையை நீங்களே இழுத்துக்கொள்ளலாம். பெட்டியில் பாகங்கள் வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் கறுப்புத் துண்டு ஒன்றை மெழுகுவர்த்திச் சுடருக்கு 2 செ.மீ. மேலே உருட்டிக்கொண்டே பிடியுங்கள். பளபளத்துத் தொய்ந்ததும் சுடரிலிருந்து விலக்கி, அதன்பிறகே இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் மெலிவு. ஆறும்வரை விறைப்பாகப் பிடியுங்கள்.

மாஸ்ட் உச்சியில் இழையின் ஒரு முனையை ஒட்டிக் காய்ந்தபின் மறுமுனை. தொய்வு இருந்தால் கவலை வேண்டாம்: புகையும் ஊதுபத்தியை 1 செ.மீ. தள்ளிக் காட்டினால் தானே இறுகும். அதற்கு மேல் நெருங்கினால் பட்டென்று அறும், அப்புறம் அந்த இழையை முழுதும் மாற்றத்தான் வேண்டும். கடைசியாகப் பூசும் பளபளப்பில்லாத (மேட்) வார்னிஷ் தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும். தின்னர் கலந்தது இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.