பிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டன்: சீட்டில் உள்ள ஊர்ப்பெயரை நம்பிவிடாதீர்கள்

பிராங்க்ஃபர்ட்டுக்கு வேலைக்கு வந்து சேரும் நம்மவர்கள், முகவரிப் பதிவும் வங்கிக் கணக்கும் குடியிருப்பு அட்டையும் முடிந்த கையோடு திட்டமிடும் முதல் பயணம் பெரும்பாலும் லண்டன் உறவினர் வீட்டுக்குத்தான். ஜெர்மன் குடியிருப்பு அட்டை பிரிட்டனுக்குச் செல்லாது; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தனியே விசா எடுக்க வேண்டும்.

இரு நகரங்களுக்கும் வான்வழித் தூரம் சுமார் 650 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். பிராங்க்ஃபர்ட்டின் பெரிய விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ நிலையத்துக்குச் சுமார் 1 மணி 40 நிமிடம் ஆகும். லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 10.40க்கே இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். திரும்பும்போது அதே பயணம் 2 மணி 40 நிமிடம் போலத் தோன்றும்.

நான் ஏமாந்தது நேரக் கணக்கில் அன்று, பெயரில். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தி மகளின் வளைகாப்புக்காக, போக வர 38 யூரோவுக்கு ஒரு சீட்டு கிடைத்ததும் பெருமிதத்தோடு வாங்கினேன். அதில் 'பிராங்க்ஃபர்ட் ஹான்' என்று இருந்ததை, மீனம்பாக்கம் போல நிலையம் இருக்கும் பேட்டையின் பெயர் என்று எண்ணிக்கொண்டு, நகர ரயிலில் கால் மணி நேரத்தில் பெரிய நிலையத்துக்குப் போய் இறங்கினேன். தகவல் மேசையில் இருந்த பெண்மணி சீட்டைப் பார்த்துவிட்டு, என்னைச் சற்று இரக்கத்தோடும் பார்த்தார்.

ஹான் இருப்பது 120 கிலோமீட்டருக்கும் அப்பால், ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில், மாநிலமே வேறு. முன்பு அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த அவ்விடத்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது, பேருந்தில் ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம் ஆகும். பெங்களூரில் இருந்தபோது தேவனஹள்ளி விமான நிலையத்தைத் தூரம் என்று திட்டியவன் நான். அன்றே வேறு சீட்டு வாங்க 200 யூரோவுக்கு மேல் கொடுத்து, மாலையில் போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடித்துப் பாயைச் சுருட்டியிருந்தார்கள். புளியோதரை மட்டும் மிச்சம் இருந்தது. "சென்னையிலிருந்து கிளம்பியிருந்தால்கூட நேரத்துக்கு வந்திருப்பாயே" என்றார் சித்தி.

ஆகவே ஊர்ப்பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: எஃப்.ஆர்.ஏ. என்றால் பெரிய நிலையம், எச்.எச்.என். என்றால் ஹான். ஹானிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானம் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ள ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் இறங்கும். அங்கிருந்து லண்டன் நகருக்குள் உள்ள லிவர்பூல் தெரு ரயில் நிலையத்துக்கு ரயிலில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்து, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பறப்பு, குடிவரவு வரிசை, ரயில் என்று வாசலிலிருந்து வாசல்வரை கூட்டினால் ஏழு மணி நேரத்தைத் தொடும். பிரஸ்ஸல்ஸில் மாறி, கடலடிச் சுரங்கம் வழியே லண்டன் போகும் யூரோஸ்டாரில் செல்லும் ரயில் பயணத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும். அது நகர மையத்தில் ஏற்றி நகர மையத்தில் இறக்கிவிடும்.

அப்படியும் ஹான் வழியாகவே செல்வதென்றால், சில மலிவு விமான நிறுவனங்கள் ஐரோப்பியர் அல்லாதவர்களின் விசாவை முன்மேசையில் சரிபார்த்த பிறகே உள்ளே விடுகின்றன என்பதை நினைவில் வைத்து, அந்த மேசை மூடுவதற்கு முன் சேரும்படி பேருந்தைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை விமானமானால் அதற்குரிய பேருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும்.