வுல்பெண்டால் தேவாலயத்தின் கற்களைப் பார்ப்பது எப்படி

கொழும்பு புறக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறினால் வுல்பெண்டால் தேவாலயம். ஞாயிறு காலை ஆராதனை நேரம். அதனால் வேலை நாளில், வெயில் ஏறுமுன் போங்கள். வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே உள்ளே நுழையவேண்டாம். முதலில் வெளியே ஒரு சுற்று. 1749இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டத் தொடங்கி 1757இல் திறந்த கட்டடம் இது. நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள சிலுவை வடிவம் என்பது சுற்றி வந்தால்தான் பிடிபடும். சுவரின் தடிப்பு கிட்டத்தட்ட 5 அடி. சுவருக்குள்ளே இருப்பது நம்மூர்க் கபுக் கல், அதாவது செம்பூராங்கல். நிலத்தில் இருக்கும்வரை கோடாலியால் வெட்டலாம், காற்றுப்பட்டால் இறுகிவிடும். ஆனால் கறையான் புற்றுப்போலத் துளை துளையாக இருப்பதால் நுணுக்கமாகச் செதுக்க இடம் கொடுக்காது. ஆகவே மேலே சுண்ணாம்புச் சாந்து. சாந்து உதிர்ந்த இடம் எங்காவது கண்ணில் பட்டால் அங்கே நின்று பாருங்கள், விரலால் நோண்டவேண்டாம்.

அப்புறம் உள்ளே. எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள், அங்கேதான் கல்லறைக் கற்கள். 1813இல் கோட்டைப் பகுதியிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து, ஒல்லாந்த ஆளுநர்கள் உட்பட, பலரின் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். டார்ச்சை மேலிருந்து அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. குந்தியிருந்து, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து, இல்லையென்று நினைத்த வரியெல்லாம் எழும்பி வரும். எனக்கு இன்றைக்கும் அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்க்கும். ஒல்லாந்த மொழி தெரியாவிட்டாலும் ‘அன்னோ’ (Anno) என்ற சொல்லைத் தேடுங்கள். அடுத்து வருவது ஆண்டு. குடும்பச் சின்னத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டால், அதே சின்னம் வேறு கல்லில் இருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஒரு கல்லுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். எழுத்துத் தெரியவேண்டும் என்று சோக் தேய்ப்பது, மா தூவுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. இத்தனை வருடம் தாங்கிய எழுத்தை நம் அவசரத்துக்காக அரிக்க விடலாமா?

சரி, அதே காலையில் கொச்சிக்கடைப் பக்கம் ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் போய்விடுங்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்தது. இங்கே சாந்துக்கு வேலையில்லை, உளி நேரே கல்லில்தான் பேசியிருக்கிறது. தூணும், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் சேரும் இடத்தைப் பாருங்கள். மத்தியானம் நடை சாத்துமுன் போய்ச் சேரவேண்டும்.