ஊர்ப் போர் நினைவுக்கல்: 'புதுப்பிக்கும்' முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும், ஊர்ச் சாவடியிலும் பள்ளிச் சுவரிலும் பதித்திருக்கும் போர் நினைவுக்கல்லுக்குப் பெயின்ட் டப்பா வந்துவிடுகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நூறு வருட வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை ஒரு நாள் பூச்சு வேலை செய்துவிடும். முதல் உலகப்போர்க் கற்கள் பலவற்றில் ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்ற கணக்கு மட்டுமே இருக்கும். அந்த இரண்டு எண்ணும் மங்கிப்போனால் கல்லைக் காட்டி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

முதல் தவறு ஆசிட். சலவைக்கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பாத்ரூம் தரைக்கு ஊற்றும் ஆசிட் பட்டதும் நுரைத்து வருகிறதே, அதில் அழுக்கைவிடக் கல்தான் அதிகம். கம்பி பிரஷும் அழுத்தத் தண்ணீர் மெஷினும் அதே ரகம். நல்ல தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே போனால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாய் இறங்காது. பாசியை நன்றாக ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்டலாம். எதுவானாலும் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

எழுத்தில் எனாமல் பூசுவது அடுத்தது. ஆழமில்லாத வெட்டு அடைந்துபோகும். பிறகு பெயின்ட் உரியும்போது கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். பூசுகிறவர் எழுத்தைத் 'திருத்த'வும் தொடங்கிவிடுவார். 1914–1919 என்று இருந்தால் அது பிழையல்ல. சண்டை நின்றது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. கடைசி 9-ஐ 8 ஆக்கிவிடாதீர்கள்.

எழுத்து தெரியவில்லை என்று கோலமாவும் சாக்பீஸும் தேய்க்க வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, இடம், வலம், மேல் என மூன்று கோணத்தில் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவு டேப் இருக்கட்டும்.

பீடத்துக்கு சிமென்ட் பூசுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சிமென்ட் இறுக்கம், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிக் கல் வழியாகவும் பழைய செங்கல் வழியாகவும் வரும், உப்பைக் கக்கும், முகப்பு பொரிந்து உதிரும். வீட்டுச் சுவருக்கே கண்ணாடிபோல் சுண்ணாம்புப் பூச்சு போட்ட ஊர்களில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் கை உளியால் நோண்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை அடைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது கொத்தனார் பாடு. முட்டை வெள்ளைக்கரு மேல்பூச்சின் மெருகுக்கு உரியது. இடுக்குச் சாந்துக்கு வேண்டாம். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் செய்தால் சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து பொடியாகும், ஐப்பசியில் கரைந்தோடும். தை, மாசி தோது. பீடத்தைச் சுற்றி இன்டர்லாக் கல் பதித்துத் தரையை உயர்த்துவதும் கூடாது. அடிவரி புதையும், தண்ணீர் தேங்கும்.

இனி அந்தஸ்து விவகாரம். அரசு போர்டு இருப்பதெல்லாம் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' அல்ல. திருமயம் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்படுகிறது. மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். தலைவர்களுக்கும் தியாகிகளுக்கும் அரசு கட்டும் நினைவு மண்டபங்களைப் பார்த்துக்கொள்வதோ செய்தி மக்கள் தொடர்புத் துறை. கல்லைப் பாதுகாக்கக் கேட்கும் மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டில்தான் சறுக்குகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருப்பதும் உங்கள் ஊர்க் கல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகாது.

மத்தியச் சட்டப்படி சின்னம் நூறாண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். போர் நடந்த ஆண்டிலிருந்து எண்ணாதீர்கள். கல் நட்ட ஆண்டுதான் கணக்கு. தூரக் கணக்கிலும் குழப்பம் உண்டு. மத்தியச் சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானத் தடைப்பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர், அனுமதி பெற்றே கட்டக்கூடிய ஒழுங்குமுறைப் பகுதி. ஆக 300. கட்டடத்தின் சுவரிலிருந்து டேப் பிடித்து அளப்பது தவறு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கோரிக்கை மனுவோடு சர்வே எண், புல வரைபடம், நிலம் புறம்போக்கா பட்டாவா நத்தமா என்ற விவரம், அளவோடு கூடிய படங்கள், கிராம சபைத் தீர்மானம் இவற்றை இணையுங்கள். ஆட்சியருக்கு ஒன்று, சென்னை எழும்பூரிலுள்ள தொல்லியல் துறைக்கு ஒன்று. ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்ற சந்தேகமா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு முன் கல்லை இடம் மாற்றவே கூடாது. சாலை அகலப்படுத்துகிறார்கள் என்றால் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.

கல்லில் இல்லாத பெயர்களைச் செவிவழிச் செய்தியை வைத்துப் புதுப் பலகையில் பொறிப்பதும் நடக்கிறது. இரண்டு உலகப்போர்களிலும் பிரிட்டிஷ் தரப்பில் மாண்ட வீரர்களைப் பதிவுசெய்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். 'சிவகங்கை மாவட்டம்' என்று தேடினால் கிடைக்காது. அது 1985-இல் பிரிந்தது, அன்று ராம்நாடு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாதவர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் பட்டியலில் இருப்பார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்து மாண்டவர்களை இந்த ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பயனில்லை.