நாகைக் கடலில் ஒரு சிறு போர்க்கப்பலின் தடம் பிடிக்க

பெரிய போர்க்கப்பல்களைப் பற்றி எழுத ஆள் நிறைய. இருபது பீரங்கி தாங்கிய சிறு கப்பல் எங்கே திரிந்தது என்று பார்க்க அதன் லாக் புத்தகம், அதாவது அன்றாடப் பயணக் குறிப்பேடுதான் கதி.

பிரிட்டிஷ் கப்பல் என்றால், லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏடிஎம்' என்ற கடற்படை ஆவண வரிசையில் கேப்டன் லாக் ஏடிஎம் 51, மாஸ்டர் லாக் ஏடிஎம் 52, ஆள் பட்டியல் ஏடிஎம் 36. லெப்டினன்ட் லாக்குகள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். கப்பலை ஓட்டும் வழியைக் கவனித்தவர் மாஸ்டர்தான் என்பதால் அவர் லாக்கிலிருந்தே தொடங்குங்கள். பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியான நெல்சன் இளம் வயதில் வேலை பார்த்த, 1778இல் புதுச்சேரிக்கு அப்பால் பிரெஞ்சுக்காரரோடு மோதிய சீஹார்ஸ் 1748இல் கட்டியது. 1794இல் கட்டிய சீஹார்ஸ் வேறு கப்பல்.

எல்லோரும் சறுக்குவது தேதியில். 1805 வரை பிரிட்டிஷ் கப்பலில் நாள் பிறப்பது நண்பகலில். லாக்கில் ஜூலை 6 என்பது நம் ஜூலை 5 நண்பகலிலேயே தொடங்கிவிடும். பிற்பகல் முதலில், முற்பகல் பிறகு. பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1782 ஜூலை 6 நாகை சண்டையில் பீரங்கி முழங்கியது பதினொரு மணிக்குச் சற்று முன். பகல் ஒரு மணி வாக்கில் கடல்காற்று எழும்பி இரு அணிகளையும் கலைத்தபோது லாக்கில் ஜூலை 7 பிறந்துவிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் பாதிச் சண்டைதான் கிடைக்கும். 1752க்கு முந்தைய லாக்கில் இன்னொரு வம்பு: பழைய நாட்காட்டி, 11 நாள் பின்தங்கும். 1746 நாகை மோதல் ஆங்கிலேயருக்கு ஜூன் 25, பிரெஞ்சுக்காரருக்கு ஜூலை 6. தரங்கம்பாடி டேனிஷ்காரர் 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் பதிவோடு ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

அடுத்து இடம். 'நாகை கொடிமரம் தென்மேற்கு, 4 மைல்' என்றிருந்தால் கப்பலிலிருந்து பார்த்த திசை அது. வரைபடத்தில் கொடிமரத்திலிருந்து வடகிழக்கே கோடு இழுக்க வேண்டும். மைல் என்பது கடல் மைல், அதுவும் கண்மதிப்பு. திசைகாட்டியின் ஒரு புள்ளி 11¼ பாகை. அரைப் புள்ளி பிசகினாலே நாலு மைல் தொலைவில் 700 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் நாகூர் மினாரா போல இரண்டாவது அடையாளத்தின் திசையும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே நம்பகம். மாலுமிகள் கரை அடையாளமாகக் கொண்ட நாகைச் 'சீன கோபுரம்' 1867இல் இடிக்கப்பட்டது, பழைய வரைபடத்தில்தான் அதன் இடம் தெரியும். ஆழம் பாகத்தில் இருக்கும், ஒரு பாகம் ஆறடி. ஆற்றுமுக மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய ஆழத்தோடு கரையோரத்தில் ஒப்பிடாதீர்கள்.

அக்டோபர் நடுவில் கப்பல் காணாமல் போனால் மூழ்கியதாக எழுதிவிட வேண்டாம். வாடைக்காற்றுக்கு இந்தத் திறந்த கரையில் ஒதுங்க இடமில்லை. பம்பாய், திரிகோணமலைப் பக்கம் தேடுங்கள். ஆள் பட்டியலில் 'டி' இறக்கிவிடப்பட்டவர், 'டிடி' இறந்தவர், 'ஆர்' ஓடிப்போனவர். துறைமுகத்தில் நின்ற நாட்களில் 'ஆர்' கூடும்.